எங்கள் வீட்டு மதிப்பீட்டாளரும் மஞ்சள் கற்களும்

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போட்டாக வேண்டும். காலையில் காபி கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு திருப்தி. சர்க்கரை சுமார். போன வாரத்துக்கு இது முன்னேற்றம்தான்" என்பார். போன வாரமும் இதே கைதான், இதே சர்க்கரைதான். தலையணை, கதவுத் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் தும்முகிற தும்மல், என் சொந்தக்காரர்கள் என்று அவரிடம் மதிப்பெண் வாங்காதது எதுவும் கிடையாது. என் சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கை இறுக்கம்.

குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, அவர் பிழைப்பே அதுதான். நகராட்சி ஆபீசில் கடலரிப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதற்குள் ஒரு மேசை, ஒரு அளவு நாடா, ஆளைவிட உயரமான ஒரு அளவுகோல், அப்புறம் இவர். கடல் ஊரைத் தின்றுவிடக் கூடாது என்று அரசாங்கம் சுவர் கட்டியிருக்கிறது, பாறாங்கல்லைக் கொட்டியிருக்கிறது, கடலுக்குள் கை நீட்டின மாதிரி தூண்டில் வளைவு போட்டிருக்கிறது. இதெல்லாம் உருப்படியாக வேலை செய்கிறதா, இல்லை சும்மா நின்று காற்று வாங்குகிறதா என்று பார்த்து எழுதுவது இவர் பொறுப்பு.

இதில் கூத்து என்னவென்றால், கடலை அளக்கிற மனிதருக்குக் கடல் என்றால் பயம். உள்நாட்டில் பிறந்து வளர்ந்தவர், வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அலை வந்தால் பின்னால் ஓடி, அலை போனால் முன்னால் ஓடி, நாடாவின் ஒரு முனையை எட்டிப் பிடித்து அளப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். சுற்றுலா வந்தவர்கள் அதை ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து அவரோடு சேர்ந்து ஓடியதும் உண்டு.

"ஆழம் தெரியாம காலை விடக்கூடாது" என்பார் என்னிடம்.

"கணுக்கால் ஆழம் கூடவா தெரியலை?"

"அது இன்னும் பரிசீலனையில இருக்கு."

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு நான் காலம் தள்ளுகிறேன். அது போகட்டும், என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா தையல்காரி. ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிற சட்டை அவள் கையில் பிறந்ததுதான். கல்யாணம் வேண்டாம் என்றாள், யாருடைய தயவும் வேண்டாம் என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துத் தைத்தே கடலோரத் தெருவில் ஒரு வீடு வாங்கினாள். கடைசி வீடு. கடல் சுவர் அந்த வீட்டு வரிசைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் கூழாங்கல் கரை. ஜன்னலோரம் தையல் மெஷின். மிதித்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம். நீல வண்ணம் அடித்த அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அக்காவின் நடையே மாறிவிடும், ராணி மாதிரி நடப்பாள். எனக்குக்கூடப் பொறாமையாக இருக்கும்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சுவர் முடிகிற இடத்தில் கரை நிற்கிறதா, கரைகிறதா என்று சோதிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நின்றால் கவலையில்லை. கரைந்தால் அக்கா வீட்டு வரிசையையே காலி செய்யச் சொல்லிவிடுவார்களாம்.

"அக்காகிட்ட இப்போ மூச்சு விடாதே. முடிவு தெரியறதுக்கு முன்னால அவங்களை ஏன் கலங்கடிக்கணும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வாயைத் தைத்துக்கொண்டேன்.

சோதனை என்றால் என்ன பெரிய சோதனை. கையில் பிடிக்கிற அளவில் கூழாங்கற்களைப் பொறுக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, நம்பர் போட்டுக் கரையில் வரிசையாக வைத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை போய், எந்தக் கல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தேட வேண்டும். கல் வைத்த இடத்திலேயே இருந்தால் கரை உறுதி. ஓடிப்போயிருந்தால் கரையும் கூடவே ஓடுகிறது என்று அர்த்தம்.

இதற்காக என் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. மஞ்சள் கல் காய்வதற்கு மொட்டை மாடி போதாமல் சோபாவுக்கு வந்தது, சோபா போதாமல் அடுப்படிக்கு வந்தது. உருளைக்கிழங்கு என்று நினைத்து ஒரு கல்லை நான் வெட்டப் பார்த்தேன். கத்தி போனதுதான் மிச்சம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊரில் எல்லாவற்றிலும் நம்பர் இருக்கும். படகில், துடுப்பில், மீன் பெட்டியில், மிதவையில். கடல் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் வேறெங்காவது துப்பும். கண்ணில் பட்டவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உரியவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். நன்றியும் எதிர்பார்க்கக் கூடாது, நான்தான் வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. நம்பர் போட்ட பொருள் அநாதையாகக் கிடக்க, அதைத் தாண்டிப் போகிறவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். உள்நாட்டுக்காரருக்கு இது தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும். கத்தி போன ஆத்திரத்தில் எனக்கு மூளையே வேலை செய்யவில்லை.

முதல் வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு கல் கூட அசையவில்லை.

இரண்டாவது வாரமும் அசையவில்லை. மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. "அளவுகோல் பிடிச்ச மாதிரி நேர்க்கோட்டுல இருக்கு. நான் வெச்சப்போகூட அவ்வளவு ஒழுங்கா இல்லை" என்றார். அதைக் கேட்டாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? மாட்டாரே. கடலுக்கே ஒழுங்கு வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் பெயின்ட். நாளாக நாளாக மஞ்சள் மங்க வேண்டும் அல்லவா. இங்கே நாளாக நாளாகப் பளபளப்பு கூடியது. உடனே உட்கார்ந்து பெயின்ட் கடைக்காரருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். அந்த ஆள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, விலையையும் கொஞ்சம் ஏற்றிவிட்டார்.

தட்டையாக இருந்த ஒரு கல் ஒரே வாரத்தில் உருண்டையாகிவிட்டது. அதற்கும் பதில் வைத்திருந்தார். அலை அதைச் செதுக்கிவிட்டதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினபோது தூக்கிப் பார்த்துவிட்டு, "முன்னைவிட கனமாவும் இருக்கே" என்று நானே கேட்டேன். தண்ணீர் குடித்திருக்கும் என்றார். கல் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டால், ஆபீஸ் விஷயத்தில் தலையிடாதே என்றார்.

ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு சுவர் எந்த ஊரிலும் கிடையாது என்று சொல்லி, ஊர் மக்களைக் கூட்டி அறிவிக்கப் போவதாக நாள் குறித்துவிட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வீடு பிழைத்தது என்ற சந்தோஷம் எனக்கு. மீனைக் கூடுதலாகவே வறுத்தேன்.

"அக்கா, உங்க வீட்டு முன்னால இருக்கிற மாதிரி ஒரு கரையை நான் பார்த்ததே இல்லை" என்று ஆரம்பித்தார் இவர். "வெச்ச கல்லு வெச்ச இடத்துலயே இருக்கு."

அக்கா முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "இருக்காம எங்க போகும். நாங்கதான் தினமும் எடுத்து வைக்கிறோமே."

அவர் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "எதை?"

"கல்லைத்தான். ராத்திரியில கடல் இழுத்துட்டுப் போயிடுது. விடிஞ்சதும் எங்க தெரு ரொட்டிக் கடைக்காரர் ஒரு கூடை, நான் ஒரு கூடை. சிலது துறைமுகம் வரைக்கும் போய்க் கிடக்குது தம்பி. உங்க கல்லு எதுக்கும் வீடு தங்கற பழக்கமே இல்லை."

"நம்பர் வாரியா வரிசையா..."

"நான்தான் அடுக்கினேன். சட்டைக்குப் பொத்தான் வெச்ச கை, கோணலா வைக்க மனசு வரலை. பெயின்ட் போனதுக்கெல்லாம் நானே திருப்பி அடிச்சேன். ஒரு கல்லு மட்டும் கிடைக்கவே இல்லை. நீங்க தேடுவீங்களேன்னு என் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லுல நம்பர் எழுதி வெச்சுட்டேன்."

"உருண்டையா, கனமா?"

"அதேதான். அதை எடுத்ததிலேருந்து கதவு படார் படார்னு அடிக்குது. வேலை முடிஞ்சா குடுத்துடுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என்ன, நல்லது பண்ணினதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க? கல்லு அசையலைன்னா என்ன எழுதுவீங்க?"

"கரை உறுதி, வீடுகளுக்கு ஆபத்தில்லைன்னு."

"அசைஞ்சா?"

அவர் தட்டிலிருந்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உன் வரிசை வீட்டையெல்லாம் காலி பண்ணணும்க்கா."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்போ அசையலைன்னே இருக்கட்டும்" என்றாள். "நாங்க என்ன பொய்யா சொன்னோம்? போய்ப் பாருங்க, கல்லு இருக்கா இல்லையா? இருக்கு. அதை எழுதுங்க."

"அக்கா, கடல் உங்க வாசலுக்கு வந்துட்டிருக்கு. சுவர்ல முட்டின அலை, சுவர் முடியற இடத்துல வந்துதான் ஆத்திரத்தைத் தீர்த்துக்குது."

"அப்போ சுவரை நீட்டுங்க."

"நீட்டினா அடுத்த தெருவைத் தின்னும்."

"தம்பி, அந்த வீடு நான் தைச்சுத் தைச்சு வாங்கினது. எனக்கு வேற எதுவும் கிடையாது. உங்களுக்குத் தெரியும்." கெஞ்சுவது எப்படி என்றே தெரியாதவள் என் அக்கா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மதிப்பெண் நின்றுபோனது. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து வெறும் 'நல்லா இருக்கு' வந்ததே கிடையாது. நானும் சும்மா இருக்கவில்லை, "பேசாம விட்டுடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். என் அக்கா, என் ரத்தம், சொல்லாமல் இருப்பேனா?

"விட்டுடலாம்" என்றார். "என்னிக்காவது அலை வந்து அக்காவை மெஷினோட தூக்கிட்டுப் போச்சுன்னா, ஆபத்தில்லைன்னு எழுதின கையெழுத்து என்னோடதா இருக்கும். அப்போ நீ என் மூஞ்சியைப் பார்ப்பியா?"

நான் எழுந்து போய் இன்னொரு காபி போட்டேன், சர்க்கரையோடு.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் 'அசையாத கரை' என்று பெரிய பேனர். ஆபீசர் பேசி முடித்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். இவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் எழுதினது எல்லாம் தப்பு" என்று ஆரம்பித்தார்.

ஆபீசர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"கல்லு எல்லாம் தினமும் ஓடியிருக்கு. அதைத் தினமும் திருப்பி வெச்சது என் மனைவியோட அக்காவும் ரொட்டிக் கடைக்காரரும்."

தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று ரொட்டிக் கடைக்காரர் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவர் அதோடு உட்காரவில்லை. "ஒரு சின்ன வேண்டுகோள் சார். அடுத்த தடவை கொஞ்சம் லேசான கல்லாப் போடுங்க, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு" என்றார்.

பெயின்ட் கடைக்காரர் பதறி எழுந்தார். "அப்போ என் பெயின்ட்?"

"அதுவும் அவங்க திருப்பி அடிச்சதுதான்."

"எந்தக் கடையில வாங்கினாங்க?"

"உங்க கடையிலதான்."

"அது போதும் சார்" என்று நிம்மதியாக உட்கார்ந்தார்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. இவர் காது சிவந்து நின்றார். தப்பு என்ற வார்த்தையை இவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சிரிப்புக்கு நடுவில் அக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மறுபடியும் கல் வைத்தார்கள். 'தொடாதீர்கள்' என்று பலகை நட்டார்கள். ஊர் பட்ட அவஸ்தையைச் சொல்லவா? நம்பர் போட்ட கல் கரையோரத்தில் கிடக்கும், குனியக் கூடாது. ரொட்டிக் கடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு தடவை விழுந்தார். கை தானாக நீள்கிறது என்று சொல்லி ஒரு மீன்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். அக்காவைக் காவல் காக்க ஆள் போடலாமா என்று ஆபீசர் கேட்டபோது, "வேண்டாம் சார், அவங்க தொட மாட்டாங்க" என்றார் இவர். அக்கா தொடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கல் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ரொட்டிக் கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

வாரம் முடிந்து இவர் நாடாவோடு போனார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்தக் கரையில் நாய்கள் மட்டும்தான் இருந்தன. ஒரு கல் மீன் வலையில் வந்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். வரிசையையே காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

நகராட்சி மாற்று வீடு தருகிறேன் என்றது, தருகிறேன் தருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் அக்கா எங்கள் வீட்டில். மெஷின் எங்கள் கூடத்துக்கு வந்தது, அக்கா அடுப்படிக்கு வந்தாள். என் உப்பு ஜாடி எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. இவரோடு மட்டும் பேச்சில்லை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் தந்திக் கம்பி.

"காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லு, துணி மேல படுது" என்பாள் என்னிடம்.

"மடக்கியாச்சுன்னு சொல்லு" என்பார் இவரும் என்னிடம்.

"ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல" என்று நான் கரடியாய்க் கத்துவேன். ஒரு பலனும் இல்லை. மழைக்காலம் வரைக்கும் இதே கதைதான்.

அந்த மழையில் கடல் ஒரு காலைப் பொழுதெல்லாம் ஆடித் தீர்த்தது. மத்தியானம் காற்று அடங்கினதும் ரொட்டிக் கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே அக்கா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவும் நானும் இவருமாகப் போனோம். சுவர் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. சுவர் முடிகிற இடத்தில் தெருவும் முடிந்திருந்தது. அக்கா வீட்டில் பின்பக்கச் சுவர் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது, நீல வண்ணத்தோடு. மற்றது எல்லாம் தண்ணீர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்க சொன்னதால பிழைச்சோம் சார்" என்று அந்த வரிசைக்காரர்கள் கையைப் பிடித்தார்கள். ஆபீசர் தோளில் தட்டி, "பார்த்தீங்களா, நீங்க எழுதின வார்த்தைக்கு வார்த்தை" என்றார். இவர் அந்த நீலச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி" என்றாள், நேராக அவரிடமே. "நீங்க அளந்தது சரிதான்."

"தப்பா இருந்திருக்கலாம்க்கா" என்றார் இவர். "இந்த ஒரு தடவை தப்பா இருந்திருக்கலாம்."